சாமையின் மூச்சு

நலமாக இருக்கும் எலியின் மூச்சுக்கு ஓசை கிடையாது. நிமிடத்துக்கு 70 முதல் 115 முறை வரை அதன் விலா ஏறி இறங்கினாலும், கையில் ஏந்திக் காதோடு ஒட்டிவைத்துக் கேட்டால் வேகமாகத் துடிக்கும் இதயத்தைத் தவிர வேறெதுவும் கேட்காது. என் எலி சாமையை முதன்முறையாக அப்படிக் கேட்டபோது, சளி உருளும் ஈரமான கரகரப்பும் ஒவ்வொரு மூச்சின் முடிவிலும் ஒரு சிறிய இழுப்பும் கேட்டன. எலி வளர்ப்பவர்களுக்குப் பழக்கமான சோதனை இது. எலியின் இரு பக்க விலாவையும் மாறி மாறிக் காதில் வைத்து, எந்தப் பக்கம் அதிகமாக இரைகிறது என்று பார்ப்பார்கள். ஸ்டெதஸ்கோப் இல்லாத வீட்டில் இதைவிட நம்பகமான வழி எனக்குத் தெரியாது.

நான் வசிக்கும், இங்கிலாந்தின் லீட்ஸ் நகருக்கு வெளியே உள்ள சிறு விலங்குக் காப்பகம் ஒன்றிலிருந்துதான் சாமை வந்தாள். தலையும் தோளும் வெளிர் பழுப்பு, மற்ற இடமெல்லாம் வெள்ளை, முதுகெலும்பை ஒட்டி வால்வரை ஒரு பழுப்புக் கோடு. வயது ஏறத்தாழ ஒன்று. முன்பு இருந்த வீட்டில் துணையில்லாமல் தனியாக வளர்க்கப்பட்டவள். காப்பகத்தார் எதையும் மறைக்கவில்லை. தும்மல் விடாமல் இருக்கிறது, உடல் மெலிந்திருக்கிறது, முதல் சுற்று மருந்துக்கு அரைகுறையாகத்தான் கேட்டிருக்கிறது என்று தெளிவாகச் சொன்னார்கள். வளர்ந்த பெண் எலி பொதுவாக 250 முதல் 450 கிராம் வரை இருக்கும். சாமை 210 கிராம். வீட்டில் ஏற்கெனவே கடுகு, வெந்தயம் என்று இரண்டு எலிகள் இருந்தார்கள். நோயுள்ள எலியைப் பார்த்துக்கொள்ள எனக்கு நேரமும் மனமும் இருந்தன. கொஞ்சம் அனுபவமும் இருந்ததால், தயங்காமல் அழைத்து வந்தேன்.

இந்த நோயின் மூலம் மைக்கோபிளாஸ்மா பல்மோனிஸ் என்னும் நுண்ணுயிர். வளர்ப்பு எலிகளில் ஏறக்குறைய எல்லாவற்றின் மூச்சுப் பாதையிலும் இது குடியிருக்கிறது. பிறப்பதற்கு முன்போ பிறந்த சில நாட்களிலோ தாயிடமிருந்தே குட்டிக்குத் தொற்றிவிடுகிறது. இது இல்லாத எலிகள் வேண்டும் என்று ஆய்வகங்கள் முனைந்தபோது, அறுவை செய்து தாயின் கருப்பையிலிருந்து குட்டிகளை எடுத்து, கிருமி நீக்கிய சூழலில் வளர்த்துத்தான் அத்தகைய வம்சங்களை உருவாக்க முடிந்தது. அப்படியென்றால் கடுகுக்கும் வெந்தயத்துக்கும் கூட இது இருக்கும். அவர்களுடைய உடல் அதை அடக்கி வைத்திருக்கிறது, அவ்வளவுதான். ஊட்டக்குறைவு, தனிமை, அழுக்கான கூண்டு, முதுமை என்று ஏதேனும் ஒன்று உடலைத் தளர்த்தும்போது கிருமி பெருகி, மூச்சுக்குழாய்களை வீங்க வைத்து, நுரையீரலில் வடுவை உண்டாக்குகிறது. வடு விழுந்த இடம் மீண்டும் பழைய நிலைக்கு வராது. மருந்து கிருமியின் பெருக்கத்தைக் குறைக்கும், வீக்கத்தைத் தணிக்கும். ஆனால் கிருமியை வேரோடு அகற்றாது. எலியின் ஆயுளே இரண்டு முதல் மூன்று ஆண்டுகள்தான். எனவே சாமைக்கு நான் செய்யக்கூடியது, எஞ்சியிருக்கும் காலம் முழுவதும் அவள் சிரமமில்லாமல் மூச்சு விடும்படி பார்த்துக்கொள்வது. அவளைப் பற்றி நான் எடுக்கும் எல்லா முடிவுகளும் அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

மருத்துவரைத் தேடியபோது, முதலில் தொலைபேசியில் பேசிய ஒரு மருத்துவமனையில், எலிக்குச் செலவு செய்வதில் பொருளில்லை, வேறொன்றை வாங்கிக்கொள்ளலாமே என்றார்கள். எனக்கு மிகுந்த வருத்தமும் கோபமும் வந்தன. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடைமுறையில் இருக்கும் 2006ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம், முதுகெலும்புள்ள எந்த வளர்ப்பு உயிரையும் அளவு பார்த்துப் பிரிப்பதில்லை. தகுந்த இருப்பிடம், தகுந்த உணவு, இயல்பாக நடந்துகொள்ள வாய்ப்பு, அதன் தன்மைக்கு ஏற்பத் துணையோடோ தனித்தோ வாழும் நிலை, வலியிலிருந்தும் நோயிலிருந்தும் பாதுகாப்பு ஆகிய ஐந்தையும் குதிரைக்கு எப்படியோ அப்படியே எலிக்கும் உரிமையாளர் தந்தாக வேண்டும். அதுவும் எலியைச் செல்லமாக வளர்க்கும் வழக்கமே வேரூன்றிய நாடு இது. விக்டோரியா அரசியின் எலி பிடிப்பவர் என்று தம்மைச் சொல்லிக்கொண்ட ஜாக் பிளாக், பிடித்த எலிகளில் நிறம் மாறியவற்றைத் தனியே வளர்த்து விற்றார். 1901ஆம் ஆண்டில் மேரி டக்ளஸ் என்ற பெண்மணியின் முயற்சியால் எய்ல்ஸ்பரி என்ற ஊரில் நடந்த கண்காட்சியில் எலிகளுக்கென்று போட்டிப் பிரிவு ஏற்பட்டது. 1976இல் தொடங்கப்பட்ட தேசிய எலி வளர்ப்போர் சங்கம் இன்றும் இயங்குகிறது. இத்தனை தலைமுறைகளாக மனிதரின் கையிலேயே வளர்ந்து வந்த ஓர் உயிருக்கு வைத்தியம் பார்க்கலாமா என்ற கேள்வி எழுவதே எனக்கு நியாயமாகத் தோன்றவில்லை. பிறகு, சிறு விலங்குகளைப் பார்த்துப் பழகிய ஒரு மருத்துவர் கிடைத்தார். சாமையைத் துணிப்பையிலிருந்து எடுக்கும் முன்பே, அவள் மூச்சு விடும் விதத்தைச் சிறிது நேரம் பையின் வாயருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கையில் எடுத்தவுடன் பயத்தால் மூச்சின் வேகம் மாறிவிடும் என்பதால் அப்படிச் செய்வதாகச் சொன்னபோதே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

சாமை வந்த புதிதில் அவளுடைய வலது கண்ணோரத்திலும் மூக்கின் நுனியிலும் செந்நிறப் பொருக்கு ஒட்டியிருக்கும். முன்னங்காலின் உட்புற மயிரும் அதே நிறத்தில் கறைபட்டிருக்கும், ஏனெனில் அவள் முகத்தை அந்தக் கால்களால்தான் துடைப்பாள். பார்க்கிறவர்கள் இரத்தம் என்றே பதறுவார்கள். அது இரத்தம் அல்ல. எலியின் கண்ணுக்குப் பின்னால் உள்ள ஹார்டீரியன் சுரப்பி, போர்ஃபிரின் என்ற செந்நிறப் பொருளைக் கலந்து கண்ணீரைச் சுரக்கிறது. புற ஊதா விளக்கை அதன்மேல் காட்டினால் இளஞ்சிவப்பாக ஒளிரும். எலி நலமாக இருக்கும்போது சுரப்பதையெல்லாம் உடனுக்குடன் துடைத்துவிடும். உடலோ மனமோ நலிந்திருக்கும்போது சுரப்பு கூடும், துடைக்கும் ஊக்கம் குறையும். ஆகவே அந்தப் பொருக்கு எந்த ஒரு நோய்க்கும் தனி அடையாளம் அல்ல. ஏதோ சரியில்லை என்ற பொதுவான அறிவிப்பு அது. நான் காலையில் வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டு, மாலையில் மீண்டும் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்ப்பேன். எலிகள் இரையாகும் இனம். பலவீனத்தைக் காட்டினால் உயிர் போகும் என்பதால் நோயை இறுதிவரை மறைக்கும் இயல்புடையவை. அவற்றால் மறைக்க முடியாத சில அடையாளங்களில் இந்தச் சிவப்பும் ஒன்று.

மருந்தைப் பொறுத்தவரை, மைக்கோபிளாஸ்மாவுக்குச் செல் சுவர் கிடையாது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. பென்சிலின் வகை மருந்துகள் செல் சுவரைக் கட்டவிடாமல் தடுத்தே கிருமிகளை அழிப்பதால், இந்தக் கிருமியிடம் அவை செல்லாது. சாமைக்கு டாக்ஸிசைக்ளினும் என்ரோஃப்ளாக்ஸசினும் சேர்த்துத் தரப்பட்டன. வளரும் பருவத்து விலங்குகளின் குருத்தெலும்பை என்ரோஃப்ளாக்ஸசின் பாதிக்கக்கூடும் என்பதால் குட்டிகளுக்குக் கொடுக்க மருத்துவர்கள் யோசிப்பார்கள். சாமை வளர்ந்தவள் என்பதால் அந்தத் தடை இல்லை. இரண்டுமே கசப்பு, அதிலும் என்ரோஃப்ளாக்ஸசினின் கசப்பு நாக்கை விட்டு இறங்காது. தயிரில் குழைத்துக் கொடுத்தால் என்ன என்று நம் வீட்டுப் பழக்கத்தில் தோன்றும். அது கூடாது. பாலிலும் தயிரிலும் உள்ள கால்சியம் இந்த மருந்துகளோடு பிணைந்துகொண்டு, அவை உடலில் சேராமல் செய்துவிடும்.

இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்றும் உண்டு. எலியால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போன நஞ்சை வெளியே தள்ள வழியில்லாத உயிர், எதையும் முதலில் சிறிதளவு தின்று பார்த்து, உடலுக்கு ஒவ்வாமல் போனால் அந்தச் சுவையை நெடுநாள் நினைவில் வைத்து ஒதுக்கிவிடும். 1955இல் ஜான் கார்சியாவும் அவருடைய சகாக்களும் இதை ஆய்வில் காட்டினார்கள். இனிப்பான சாக்கரின் நீரைக் குடிக்கும்போது கதிர்வீச்சால் உடல் நலிந்த எலிகள், பிறகு அந்த இனிப்பையே வெறுத்தன. நோயுற்ற எலியின் வழக்கமான உணவில் மருந்தைக் கலந்தால், அது உணவையே கைவிட்டுவிடும் ஆபத்து இருக்கிறது. மெலிந்து போயிருக்கும் சாமையிடம் அந்தச் சோதனையைச் செய்யக்கூடாது என்று தொடக்கத்திலேயே முடிவு செய்துவிட்டேன். நன்கு கனிந்த வாழைப்பழத்தை மசித்து, அதில் மருந்தைக் குழைத்து, வேறெதற்கும் பயன்படுத்தாத ஒரு சிறிய கரண்டியில், அவளுடைய உணவுக் கிண்ணத்துக்கு அருகிலேயே வராமல், என் மடியில் வைத்து மட்டும் கொடுத்தேன். வாழைப்பழத்தை வெறுத்தாலும் இழப்பு வாழைப்பழம் மட்டுமே. முதலில் மருந்தில்லாத பழத்தை இரண்டொரு நாள் கொடுத்துச் சுவைக்குப் பழக்கியிருந்ததால், மருந்து கலந்த பின்பும் கரண்டியின் விளிம்பை இரு முன்னங்கைகளாலும் பிடித்துக்கொண்டு வழித்து வழித்துத் தின்றாள். மறுக்கும் நாட்களில் ஊசியில்லாத ஒரு மில்லி சிரிஞ்சை வாயின் பக்கவாட்டில், முன்பற்களுக்குப் பின்னால் உள்ள இடைவெளியில் நுழைத்து, அவள் விழுங்க விழுங்கச் சொட்டுச் சொட்டாக விடுவேன். நேரே தொண்டைக்குள் பீச்சினால் மருந்து நுரையீரலுக்குள் போய்விடும். ஏற்கெனவே புண்பட்ட நுரையீரலுக்கு அதைவிடக் கேடு வேறில்லை.

மருந்துக்குச் சமமாக நான் கவனம் செலுத்தியது காற்றின் மேல். எலியின் சிறுநீரில் உள்ள யூரியாவைக் கூண்டுத் தரையில் வளரும் பாக்டீரியாக்கள் அம்மோனியாவாக மாற்றுகின்றன. நாம் நின்றுகொண்டு சுவாசிக்கும் காற்றும், தரையிலிருந்து விரற்கடை உயரத்தில் மூக்கு இருக்கும் எலி சுவாசிக்கும் காற்றும் ஒன்றல்ல. நம் மூக்குக்கு நெடி எட்டிவிட்டது என்றால், எலி அதற்கு முன்பே வெகு நேரமாக அதை உள்ளிழுத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். மைக்கோபிளாஸ்மா தொற்றுள்ள எலிகளிடம் அம்மோனியா நோயைக் கடுமையாக்குகிறது என்று 1976இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அதனால் சாமையின் கூண்டில் மரத்தூளுக்கு இடமில்லை. பைன், செடார் மரச் சீவல்களில் எழும் வாசனைப் பொருள்கள் மூச்சுப் பாதையை எரிச்சலூட்டுபவை. காகிதத்தை அரைத்துச் செய்த விரிப்பையே தரையில் பரப்பி, மேலே தூங்குவதற்குக் கம்பளித் துணியால் தொட்டில் கட்டினேன். தினமும் சிறுநீர் கழிக்கும் மூலையை மட்டும் மாற்றுவேன். கூண்டு முழுவதையும் ஒரே நேரத்தில் கழுவிவிட்டால் தன் வாசனை போய்விட்டதென்று எலி பதற்றப்பட்டு, முன்னைவிட அதிகமாக எங்கும் சிறுநீர் தெளித்து அடையாளமிடும். பகுதி பகுதியாகச் சுத்தம் செய்தால் நெடியும் இருக்காது, எலிக்கும் தன் வீடு தன் வீடாகவே இருக்கும்.

எங்கள் வீட்டுப் பழக்கங்கள் சிலவும் மாறின. வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுவதை நிறுத்தினேன். ஊதுபத்தியும் இல்லை; விளக்கு மட்டும்தான். மிளகாய் தாளிக்கும்போது சமையலறைக் கதவைச் சாத்தி, சன்னலைத் திறந்து, புகைபோக்கியை ஓட விடுகிறேன். நமக்கே இருமல் வரவைக்கும் நெடி, உள்ளங்கை அளவு உடம்புக்குள் இருக்கும் நுரையீரலை என்ன செய்யும் என்று எண்ணிப் பார்த்தால் இதெல்லாம் பெரிய துறவாகத் தெரியவில்லை.

தஞ்சாவூர்ப் பக்கத்தில் இருக்கும் என் அம்மாவுக்கு எலி என்றால் வயலில் நெற்கதிரை அறுத்து வளைக்குள் சேர்த்து வைக்கும் பகைதான். விவரத்தைச் சொன்னபோது, "ஏண்டி, எலிக்கா இவ்வளவு பாடு?" என்று கேட்டார்கள். சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, "சளின்னா ஆவி புடிக்க வையி, கொஞ்சம் இளகும்" என்றார்கள். மருத்துவரும் ஏறக்குறைய அதையே வேறு விதமாகச் சொல்லியிருந்தார். உப்பு நீரை நெபுலைசரில் இட்டு, சாமையை ஒரு சிறிய பெட்டியில் வைத்து, அந்த ஈரப்புகையைச் சில நிமிடங்கள் சுவாசிக்கவிடச் சொன்னார். நெபுலைசர் இல்லாதவர்கள் குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு, அறை ஈரமானதும் எலியை அதன் கூடையோடு மடியில் வைத்துக்கொண்டு சற்று நேரம் உட்காரலாம். யூகலிப்டஸ் தைலமோ வேறு எந்தத் தைலமோ அதில் கலக்கக்கூடாது. சூட்டையும் கவனிக்க வேண்டும். எலிக்கு நம்மைப் போல் வியர்க்காது. உடல் சூட்டை வெளியேற்ற அது தன் வாலைப் பெரிதும் நம்பியிருக்கிறது. ஆகவே அறை ஈரமாக இருக்கலாம், வெக்கையாக இருக்கக்கூடாது.

இவை எல்லாவற்றையும்விட என்னை வருத்தியது அவளைத் தனியே வைக்க வேண்டியிருந்ததுதான். புதிதாக வரும் எலியை இரண்டு மூன்று வாரங்கள் பழைய எலிகளிடமிருந்து பிரித்து வைப்பது நல்ல வழக்கம். மைக்கோபிளாஸ்மா எல்லோரிடமும் இருப்பதால் அதற்காகப் பிரிப்பதில்லை. காற்றிலேயே பரவக்கூடிய செண்டாய் வைரஸ், உமிழ்நீர்ச் சுரப்பிகளை வீங்கச் செய்யும் மற்றொரு வைரஸ், பேன், உண்ணி முதலியவற்றுக்காகத்தான் பிரிக்கிறோம். ஆனால் எலி கூட்டமாக வாழும் இனம். தனிமை அதன் உடலையே நலிய வைக்கும். ஏற்கெனவே தனிமையில் வாடி நோயுற்ற ஒருத்தியை, நோயின் பெயராலேயே மீண்டும் தனிமையில் வைப்பது மனத்துக்கு ஒப்பவில்லை. வேறு வழியும் இல்லை. வீட்டின் மறுகோடியில் இருந்த அறையில் அவளை வைத்து, அங்கே போகும்போது தனி மேலாடை, திரும்பி வந்தவுடன் கை கழுவுதல் என்று ஒழுங்கு வைத்துக்கொண்டு, மாலை வேளைகளை அந்த அறையிலேயே கழித்தேன். கை கழுவுதல் என் நலத்துக்காகவும்தான். எலிக்கடிக் காய்ச்சலை உண்டாக்கும் பாக்டீரியா நலமான எலிகளின் தொண்டையிலும் இருக்கலாம். எலியை முத்தமிடாமல் இருப்பதும், கீறல் பட்டால் உடனே சோப்பு போட்டுக் கழுவுவதும், பிறகு காய்ச்சல் வந்தால் வீட்டில் எலி இருக்கிறது என்று மருத்துவரிடம் மறக்காமல் சொல்வதும் எல்லோருக்கும் வேண்டிய பழக்கங்கள்.

அந்த மாலைகளில் தரையில் அமர்ந்து, ஒரு விரலால் அவள் காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் மெதுவாகத் தேய்த்துக்கொண்டிருப்பேன். எலிகள் தமக்குள் விளையாடும்போதும் மனிதர் கிச்சுகிச்சு மூட்டும்போதும் 50 கிலோஹெர்ட்ஸ் அளவில் ஒலி எழுப்புகின்றன என்று ஜாக் பாங்க்செப் என்ற நரம்பியல் அறிஞர் 1990களின் பிற்பகுதியில் கண்டறிந்தார். அதைச் சிரிப்பின் மூதாதை என்று கருதலாம் என்பது அவருடைய கருத்து. 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதையும் கேட்காத நம் செவிக்கு அது எட்டாது. எட்டுகிற அடையாளம் வேறொன்று உண்டு. நிம்மதியாக இருக்கும் எலி முன்பற்களை ஒன்றோடொன்று மெல்ல உரசும். அந்த அதிர்வு தாடையின் கீழ் வைத்த விரலில் தெரியும். தாடைத் தசையின் ஒரு பகுதி கண்குழியின் வழியாகச் செல்வதால், உரசல் வேகமெடுக்கும்போது கண்மணிகள் உள்ளும் வெளியுமாகத் துடிக்கும். முதலில் பார்ப்பவர்கள் வலிப்பு என்று பயந்துவிடுவார்கள். எலிகள் வலியிலும் அச்சத்திலும் கூடப் பற்களை உரசுவதுண்டு என்பதால், உடல் எப்படிக் கிடக்கிறது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். முதுகைக் கூனிக்கொண்டு, மயிர் சிலிர்த்து, கண்ணைப் பாதி மூடியிருந்தால் அது துன்பம். சாமை என் பாதத்தின் மேல் நீட்டிப் படுத்துக்கொண்டு கண்கள் துடிக்கத் துடிக்கப் பற்களை உரசியபோது, அவள் வந்த பிறகு முதல் தடவையாக எனக்கும் மனம் லேசானது.

எடையைத் தினமும் ஒரே நேரத்தில் சமையலறைத் தராசில் ஒரு கிண்ணத்தை வைத்துப் பார்த்துக் குறித்துக்கொண்டேன். எலிக்கு உடல் நலம் குன்றுவதை முகம் சொல்லும் முன் தராசு சொல்லும். பத்தில் ஒரு பங்கு எடை குறைந்தால் காத்திருக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். வழக்கமான எலி உணவோடு, வேகவைத்த முட்டை சிறிது, ஓட்ஸ் கஞ்சி, வேகவைத்த பட்டாணி ஆகியவற்றைக் கொடுத்ததில் எடை மெல்ல ஏறி 260ஐத் தாண்டியது. மூச்சின் கரகரப்பு குறைந்து, காதில் வைத்தால் இடப்பக்கத்தில் மட்டும் ஒரு சன்னமான உராய்வு எஞ்சியது. அங்கே வடு விழுந்திருக்கும் என்று மருத்துவர் சொன்னார்.

காத்திருப்புக் காலம் முடிந்தபின் மூவரையும் சேர்த்தது எதிர்பார்த்ததைவிட எளிதாகவே நடந்தது. யாருடைய வாசனையும் இல்லாத இடம் வேண்டும் என்பதால் குளியல் தொட்டியில் துண்டு விரித்து விட்டேன். கடுகு மயிரைச் சிலிர்த்துக்கொண்டு பக்கவாட்டில் நடந்து தள்ளிப் பார்த்தாள். சாமை மல்லாந்து பணிந்தாள். அதற்குப் பிறகு பெரிய தகராறு இல்லை. சில நாட்களில் மூன்று பேரும் ஒரே தொட்டிலில் ஒருவர் மேல் ஒருவர் கிடந்து தூங்கினார்கள். சாமையின் கண்ணோரத்தில் சேரும் சிவப்பை வெந்தயமே நக்கித் துடைத்துவிடத் தொடங்கினாள். என்னுடைய பஞ்சுக்கு வேலை பாதியாகக் குறைந்தது.

அதன் பிறகுதான் கட்டி வந்தது. தூக்கும்போது இடது அக்குளுக்குக் கீழே ஒரு பட்டாணி அளவு உருண்டை விரலில் தட்டுப்பட்டது. தோலுக்கடியில் வழுக்கி நகர்ந்தது. பெண் எலிகளுக்குப் பால் சுரப்பித் திசு கழுத்திலிருந்து தொடையிடுக்கு வரை பரவியிருப்பதால், கட்டி எங்கு வேண்டுமானாலும் வரலாம். பெரும்பாலானவை புற்றுக் கட்டிகள் அல்ல, நார்த்திசுக் கட்டிகள். ஆனாலும் அவை வளர்ச்சியை நிறுத்துவதில்லை. விட்டுவிட்டால் எலியின் நடையையே தடுக்கும் அளவுக்குப் பெருத்து, தரையில் உராய்ந்து புண்ணாகும். சிறியதாக இருக்கும்போதே எடுப்பது நல்லது. ஆனால் மயக்க மருந்தைத் தாங்க வேண்டியது அதே நுரையீரல்தான். ஒரு பக்கம் கட்டி வளர்கிறது, மறுபக்கம் மூச்சு முழுமையாகத் தேறவில்லை. மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, மருந்தை இன்னும் சில வாரம் நீட்டித்து, மூச்சு மிக நன்றாக இருக்கும் காலத்தைத் தேர்ந்தெடுத்து அறுவை செய்யலாம் என்றார். எடுத்த எடுப்பில் கத்தியை எடுக்காமலும், கட்டியைக் கண்டு கையை விரிக்காமலும் அவர் காட்டிய அந்த நிதானத்துக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

அறுவைக்கு முன் பட்டினி போடச் சொல்வார்கள் என்று நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: எலியால் வாந்தி எடுக்க முடியாது என்பதால் இரவெல்லாம் பட்டினி போட வேண்டியதில்லை. அவ்வளவு சிறிய உடம்பில் சர்க்கரை அளவு விரைவில் இறங்கிவிடும் என்பதால் அது கேடும்கூட. மயக்கத்தில் உடல் சூடு வேகமாகக் குறையும் என்பதற்காக அடியில் வெப்பத் திண்டு வைத்தார்கள். எலி தையலைப் பற்களால் பிரித்துவிடும் என்பதால் தோலுக்கு உட்புறமாகத் தைத்து, மேலே பசையால் ஒட்டினார்கள். வலிக்கு மெலாக்சிகாம். வீட்டுக்கு வந்த இரவு, காயத்தில் ஒட்டாத வெள்ளைத் துணியை மட்டும் விரித்து, ஏறி விழாதபடி உயரமில்லாத பெட்டியில் வைத்து, முட்டையைக் குழைத்துக் கொடுத்தேன். தின்றாள். மூச்சு கெடவில்லை. காயம் ஆறியதும் மற்ற இருவரோடும் மீண்டும் சேர்ந்துகொண்டாள்.

இப்போது சாமைக்கு இரண்டு வயது நெருங்குகிறது. குளிர் தொடங்கும்போதெல்லாம் இழுப்பு திரும்புகிறது, டாக்ஸிசைக்ளினை மீண்டும் தொடங்குகிறோம், தணிகிறது. ஒவ்வொரு முறையும் முன்பு தணிந்த அளவுக்குத் தணிவதில்லை. எலி மூக்கால் மட்டுமே மூச்சு விடும் உயிர். அது வாயைத் திறந்து மூச்சு வாங்கினால், தலையை மேலே நீட்டி விலா குழிய இழுத்தால், பாதமும் வாலும் நீலம் பாய்ந்தால், அது மறுநாள் வரை காத்திருக்கும் நிலைமை அல்ல. இரவு நேரத்தில் எலியைப் பார்க்கும் மருத்துவமனையின் எண்ணும் பயணக் கூடையும் கதவருகிலேயே இருக்கின்றன.

சென்ற மாதம் வலது தொடையிடுக்கில் இரண்டாவது கட்டி தட்டுப்பட்டது. எடுக்க வேண்டாம் என்று நானும் மருத்துவரும் கலந்து முடிவு செய்திருக்கிறோம். நுரையீரல் இப்போது மயக்கத்தைத் தாங்கும் என்ற உறுதி இல்லை. கட்டி வளர்ந்து அவளைத் தடுக்கும் நாளுக்கு முன்பே மூச்சு அவளைத் தடுக்கக்கூடும். எதைப் பார்த்து முடிவெடுப்பது என்பதையும் பேசி எழுதி வைத்திருக்கிறோம். தானாகத் தின்கிறாளா, தன் மயிரைத் தானே சுத்தம் செய்கிறாளா, கதவைத் திறந்தால் எழுந்து வருகிறாளா, மற்ற இருவரோடு படுக்கிறாளா என்ற நான்கையும் ஒவ்வொரு நாளும் எடையோடு சேர்த்துக் குறிக்கிறேன். இவற்றில் இரண்டு தொடர்ந்து இல்லாமல் போய், மருந்தாலும் திரும்பவில்லை என்றால், மூச்சுக்குத் திணறி இறக்கும் நிலைக்கு அவளை விடாமல் கருணைக்கொலை செய்துவிடலாம் என்று பேசியிருக்கிறோம். அதையும் முதலில் மயக்க வாயு கொடுத்து, அவள் நினைவிழந்த பின்புதான் ஊசி போட வேண்டும் என்று கேட்டு வைத்திருக்கிறேன். எலி வளர்ப்பவர்கள் எல்லோரும் முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டிய ஒன்று அது. இன்றைய குறிப்பில் நான்குக்கும் ஆம் என்றே எழுதியிருக்கிறேன். எடை 284 கிராம்.